சைபர் படைக்கு யார் தளபதி?



1997 ஜூன் மாதம் அமெரிக்க முப்படைத் தலைமை, தன் படைகளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் ஒத்திகை நடத்தியது. ‘எலிஜிபிள் ரிசீவர்’ என்பது அதன் பெயர். என்.எஸ்.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமையின் சிறு குழு ஒன்று எதிரியின் இடத்தில் உட்கார்ந்தது. ரகசியக் கருவிகள் எதையும் தொடக் கூடாது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதி. சில நாட்களுக்குள் அந்தக் குழு பென்டகனின் கணினிகளுக்குள்ளும், ஹவாயில் உள்ள பசிபிக் கட்டளையகத்தின் கணினிகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதிகாரிகளின் பெயரில் பொய் மின்னஞ்சல்கள் போயின. வந்த உத்தரவு மெய்யா பொய்யா என்ற சந்தேகம் பரவியது. எந்தப் படைக்கும் அந்தச் சந்தேகம் ஒரு தோல்விக்குச் சமம்.

கணினிகள் பலவீனமானவை என்பது அன்றைக்கே பலருக்கும் தெரிந்ததுதான். ஒத்திகை வெளிக்கொண்டுவந்த பெரிய ஓட்டை வேறு. தாக்குதல் நடக்கும்போது ‘எல்லாத் தளங்களிலும் இந்த ஓட்டையை உடனே அடையுங்கள்’ என்று உத்தரவிடும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தரைப்படையின் கணினிகளைத் தரைப்படை பார்த்துக்கொண்டது. கடற்படை தன்னுடையதை, விமானப்படை தன்னுடையதை. மூன்றையும் ஒருசேர எதிரி தொட்டால் பதில் சொல்ல ஒரு தளபதி இல்லை.

எட்டு மாதம் கழித்து அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்பது தெரிந்தது. 1998 பிப்ரவரி. ஈராக்கில் ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் தொடர்பான மோதல் முற்றி, வளைகுடாவை நோக்கி அமெரிக்கப் படைகள் நகர்ந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, ராணுவக் கணினிகளில் அடுத்தடுத்து ஊடுருவல்கள். தடத்தைப் பின்தொடர்ந்தால் அது ஐக்கிய அரபு அமீரகத்தின் இணையச் சேவை நிறுவனம் வழியாகப் போகிறது. சதாம் உசேனின் வேலை என்று சந்தேகிக்க எல்லா நியாயமும் இருந்தது. கடைசியில் பிடிபட்டவர்கள் கலிஃபோர்னியாவின் சிறுநகரம் ஒன்றைச் சேர்ந்த பதின்வயதுப் பையன்கள் இருவரும், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஓர் இஸ்ரேலிய இளைஞரும். தவறான கணிப்பில் பதிலடி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாக்கியவர் யார் என்று கண்டுபிடிப்பதும், பதில் தருவது யார் பொறுப்பு என்பதும் ஒரே இடத்தில் இணைந்தாக வேண்டும் என்ற அழுத்தம் அங்கிருந்து பிறந்தது.

1998 டிசம்பரில் அமெரிக்கா தன் முதல் கூட்டுச் சைபர் அணியை வர்ஜீனியாவில் அமைத்தது. ஏறத்தாழ 25 பேர். தலைவர், போர் விமானியாக இருந்து வந்த விமானப்படை மேஜர் ஜெனரல் ஜான் கேம்பெல். ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு நடுத்தர அலுவலகம். ஆனால் கணினிப் பாதுகாப்பு விஷயத்தில் எல்லாப் படைகளுக்கும் உத்தரவிடும் உரிமை முதன்முறையாக ஒரு கையில் வந்தது. அதுவரை தொழில்நுட்பப் பிரிவின் பராமரிப்பு வேலையாகக் கருதப்பட்ட ஒன்று, அன்று முதல் போர்க்கட்டளையின் பகுதியானது.

பிறகு பத்தாண்டுக் காலம் அந்த அணி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருந்தது. 1999இல் விண்வெளிக் கட்டளையகத்தின் கீழ் போனது. 2000இல் தற்காப்போடு தாக்குதலும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. 2002இல் விண்வெளிக் கட்டளையகமே கலைக்கப்பட்டு வேறொன்றோடு இணைந்தது. அதன்பின் தாக்குதலும் தற்காப்பும் மறுபடி பிரிந்தன. ராணுவ வலையமைப்புகளைக் காப்பது ஒரு ஜெனரலிடம். எதிரியின் வலையமைப்புக்குள் நுழைவது, மேரிலாந்தின் ஃபோர்ட் மீடில் இருக்கும் என்.எஸ்.ஏ. இயக்குநரிடம். எதிரி எப்படி நுழைவான் என்று நன்கு அறிந்தவர்கள் ஓரிடத்தில். அவன் நுழையும் கதவைக் காப்பவர்கள் வேறிடத்தில். இந்தப் பிரிவினை நீண்டநாள் தாங்கவில்லை.

2008 அக்டோபரில் என்.எஸ்.ஏ. ஆய்வாளர்கள் நம்ப முடியாத ஒன்றைக் கண்டார்கள். வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாத ரகசிய ராணுவ வலையமைப்புக்குள்ளிருந்து ஏதோ ஒரு நிரல் வெளியே இருக்கும் தன் எசமானனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மத்திய கிழக்கில் இருந்த ஓர் அமெரிக்கத் தளத்தில் யாரோ ஒரு பென் டிரைவை மடிக்கணினியில் செருகியதில் தொடங்கிய வினை அது. ‘ஏஜென்ட் டாட் பி.டி.இசட்.’ என்று அறியப்பட்ட அந்தப் புழுவைத் துடைத்தெடுக்கும் பணிக்கு ‘பக்‌ஷாட் யாங்கி’ என்று பெயர் வைத்தார்கள். பென் டிரைவுகள் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டன. சுத்தம் செய்ய ஓராண்டுக்கும் மேல் ஆனது. காரணம் நிரலின் சாமர்த்தியம் மட்டுமல்ல. பாதுகாப்புத் துறையிடம் எத்தனை கணினிகள் உள்ளன, எது எந்த வலையில் இருக்கிறது என்ற முழுக் கணக்கே ஓரிடத்தில் இல்லை.

அதன் நேரடி விளைவுதான் இன்றைய அமெரிக்க சைபர் கமாண்ட். பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2009 ஜூனில் உத்தரவிட்டார். 2010 மே மாதம் ஃபோர்ட் மீடில் அது செயல்படத் தொடங்கியது. முதல் தளபதி ஜெனரல் கீத் அலெக்சாண்டர், அதே நேரத்தில் என்.எஸ்.ஏ. இயக்குநரும் அவரே. ஒருவர் தலையில் இரண்டு தொப்பி. 2018 மே மாதம் அது மற்றப் பெரும் போர்க்கட்டளையகங்களுக்கு நிகராக உயர்த்தப்பட்ட பிறகும் அந்த இரட்டைப் பொறுப்பு நீங்கவில்லை.

இந்த இரட்டைப் பொறுப்புக்குள் ஓர் அடிப்படை முரண் இருக்கிறது. உளவு அமைப்பு எதிரியின் சர்வருக்குள் நுழைந்தால், சத்தமில்லாமல் அங்கேயே இருந்து ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க விரும்பும். போர்ப்படை நுழைந்தால் அதை முடக்க விரும்பும். முடக்கிய நொடியில் எதிரி விழித்துக்கொள்வான், கேட்கும் வழி அடைபடும். உளவுக்கு ஒரு சட்டம், போருக்கு வேறொரு சட்டம். இரண்டுக்கும் நாடாளுமன்றக் கண்காணிப்பும் வேறுவேறு. ஆனால் உள்ளே நுழையும் வழியும் கருவியும் பல நேரங்களில் ஒன்றுதான்.

2016இல் இந்த முரண் வெளிப்படையாகச் சோதிக்கப்பட்டது. ஐ.எஸ். இயக்கத்தின் பரப்புரைப் பிரிவை முடக்க ‘ஏரெஸ்’ என்ற தனி அணி அமைக்கப்பட்டது. மாதக்கணக்கில் அந்த இயக்கத்தின் ஊடகப் பிரிவினர் பயன்படுத்திய கணக்குகளையும் சர்வர்களையும் வரைபடமாக்கினார்கள். நவம்பரில் ‘குளோயிங் சிம்ஃபனி’ என்ற பெயரில் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். கடவுச்சொற்கள் மாற்றப்பட்டன, கோப்புகள் அழிக்கப்பட்டன, நிர்வாகிகள் தங்கள் கணக்குகளிலிருந்தே வெளியே தள்ளப்பட்டார்கள். ஆனால் விசையைத் தட்டுவதற்கு முன் வாஷிங்டனில் நடந்த வாதம் நீளமானது. அந்த இயக்கத்தின் தகவல்கள் கிடந்த சர்வர்கள் சிரியாவில் மட்டும் இல்லை, நட்பு நாடுகளிலும் இருந்தன. அந்த அரசுகளிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் ரகசியம் கசியுமா? பீரங்கிக் குண்டு ஓர் எல்லையைக் கடந்தால் எல்லோருக்கும் தெரியும். இந்தப் போரில் எல்லை எங்கே என்பதையே கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இப்போது ஆட்களுக்கு வருவோம். சைபர் படை பற்றிய பேச்சு எப்போதும் ஆயுதத்தைச் சுற்றியே நடக்கிறது. உண்மையான நெருக்கடி ஆட்களைச் சுற்றியது.

அமெரிக்கா 133 அணிகளைத் திட்டமிட்டது. மொத்தம் ஏறத்தாழ 6,200 பேர். தரைப்படை 41 அணிகள், கடற்படை 40, விமானப்படை 39, மரைன் படை 13. தாக்கும் படை என்று திரைப்படங்கள் காட்டினாலும் இந்த 133இல் 68 அணிகள் காவல் அணிகள். நாட்டின் மீதான பெருந்தாக்குதலைத் தடுக்க 13, போர்முனைத் தளபதிகளுக்குத் துணை நிற்க 27, ஆய்வும் திட்டமிடலுமாக உதவ 25. 2018 மே மாதம் இவை அனைத்தும் முழுத் தயார் நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் இந்த வீரர்கள் யாரும் சைபர் கமாண்டின் சொந்த ஆட்கள் அல்லர். ஒவ்வொரு படையும் தன் முறையில் ஆளெடுத்து, தன் முறையில் பயிற்சி தந்து, தன் சம்பள விதிப்படி இரவல் கொடுக்கிறது. இரண்டு மூன்று ஆண்டில் பணி மாறுதல் என்பது ராணுவத்தின் பழைய வழக்கம். பல பொறுப்புகளைப் பார்த்தவரே நல்ல தளபதியாவார் என்ற நம்பிக்கையில் உண்டான வழக்கம் அது. காலாட்படைக்கு அது பொருந்தியிருக்கலாம். எதிரியின் வலையமைப்புக்குள் நேரடியாகக் கை வைக்கும் ஆபரேட்டரைத் தயாரிக்க ஓராண்டுக்கும் மேல் பிடிக்கிறது. ஒருவருக்குச் சில லட்சம் டாலர் செலவாகிறது. அவர் தேர்ச்சி பெற்று, ஓர் எதிரியின் பழக்கவழக்கம் கைக்குப் பிடிபடும் நேரத்தில் மாறுதல் உத்தரவு வருகிறது. இல்லாவிட்டால் தனியார் நிறுவனம் பல மடங்கு சம்பளத்தோடு கதவருகே நிற்கிறது. இவ்வளவு விலையுயர்ந்த பயிற்சி பெற்றவர் எத்தனை ஆண்டு பணியாற்றியாக வேண்டும் என்பதை எல்லாப் படைகளும் தெளிவாக வரையறுக்கவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022இல் சுட்டிக்காட்டியது.

தரைப்படை 2014இல் சைபருக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, ஜார்ஜியா மாநிலத்தில் பள்ளியும் நிறுவியது. கடற்படையோ 2023 வரை, சங்கேதச் செய்திகளைப் பார்க்கும் பழைய வேலைப்பிரிவிலேயே இவர்களை வைத்திருந்தது. ஒரே அணியில் ஒரே வேலை செய்யும் இருவருக்கு, அணிந்திருக்கும் சீருடையைப் பொறுத்து பதவி உயர்வின் பாதையே வேறாக இருந்தது. இதைச் சகித்துக்கொண்டு ஒரு தேர்ந்த பொறியாளர் ஏன் இருப்பார்?

இந்தக் குமுறலிலிருந்துதான் தனிப் படை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. தரைப்படை, கடற்படை, மரைன், விமானப்படை, விண்வெளிப்படை, கடலோரக் காவல்படை என்ற ஆறோடு ஏழாவதாக ஒரு சைபர் படை. வாஷிங்டனின் ஆய்வு நிறுவனம் ஒன்று 2024 மார்ச்சில் 10,000 பேரோடு அதைத் தொடங்கலாம் என்று திட்டமே போட்டுத் தந்தது. எதிர்ப்பவர்களின் வாதமும் வலுவானது: ஒரு போர்க்கப்பலின் கணினிகளைக் காப்பவருக்கு அந்தக் கப்பல் தெரிந்திருக்க வேண்டும், கடலைப் பாராதவர் அதைச் செய்ய முடியாது. இரண்டையும் எடைபோட்டால் சீருடையின் நிறம் இரண்டாம் பட்சமாகவே தோன்றுகிறது. ஒருவரை எட்டுப் பத்து ஆண்டு அதே வேலையில் வைத்து, அதற்காக அவர் பதவி உயர்வை இழக்காதபடி பார்த்துக்கொள்ள இன்றைய படைகளாலேயே முடியும். அதைச் செய்யாமல் புதுப் படை தொடங்கினால் பழைய விதிகளும் புதுக் கட்டடத்துக்குக் கூடவே போகும்.

சீனாவின் அனுபவம் இதற்கு ஒரு சாட்சி. 2015 டிசம்பர் 31 அன்று மக்கள் விடுதலைப் படை, விண்வெளி, சைபர், மின்னணுப் போர் அனைத்தையும் ஒன்றாகக் கட்டி உத்தி ஆதரவுப் படையை உருவாக்கியது. உலகமே வியந்து எழுதியது.  2024 ஏப்ரல் 19 அன்று அது கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் விண்வெளிப் படை, சைபர்வெளிப் படை, தகவல் ஆதரவுப் படை என்று மூன்று தனித்தனிப் பிரிவுகள். எட்டாண்டில் ஒரு பெருங்கட்டுமானம் எழுந்து பிரிந்தது.

சின்ன நாடுகள் வேறு வழி தேடின. அவர்களிடம் ஆட்களை வீணடிக்க வசதி இல்லை.

எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2007 ஏப்ரல் கடைசியில் தலைநகர் தாலினில் சோவியத் காலத்துப் போர்வீரர் சிலையை இடம் மாற்றியதைத் தொடர்ந்து அரசு, வங்கி, நாளிதழ் என்று பல இணையதளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. அன்று நாட்டைத் தாங்கியவர்கள் ராணுவத்தினர் அல்லர். வங்கிகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் வேலை பார்த்த பொறியாளர்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவு பழகியவர்கள், இரவெல்லாம் சேர்ந்து போராடினார்கள். எஸ்டோனிய அரசு அந்தப் பழக்கத்தையே நிறுவனமாக்கியது. ‘கைட்செலீட்’ என்ற தன்னார்வப் பாதுகாப்பு அமைப்பு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. அதற்குள் ஒரு சைபர் பிரிவு பிறந்தது. பகலில் வங்கியில் வேலை, மாலையிலும் விடுமுறையிலும் பயிற்சி, நெருக்கடி வந்தால் அரசின் அழைப்பு. இவர்களுக்குச் சம்பளப் போட்டியே கிடையாது. சந்தைச் சம்பளத்தை அவர்கள் ஏற்கெனவே வாங்குகிறார்கள். நேட்டோவின் சைபர் தற்காப்பு மையம் 2008இல் தாலினிலேயே அமைந்தது. பல நாட்டு அணிகள் கூடும் ‘லாக்டு ஷீல்ட்ஸ்’ ஒத்திகை ஆண்டுதோறும் அந்த மையத்தின் சார்பில் நடக்கிறது. எஸ்டோனிய ராணுவத்தின் சொந்த சைபர் கட்டளையகம் வந்தது 2018இல்தான். மனிதர்கள் முதலில், கட்டளையகம் பிறகு.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூர், கட்டாய ராணுவச் சேவையைப் பயன்படுத்திக்கொண்டது. 2018இல் அங்கே பொதுச் சுகாதார நிறுவனமான சிங்ஹெல்த்தின் கணினிகளிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருத்துவ விவரமும் அதில் அடக்கம். அதே 2018இல், தேசிய சேவைக்கு வரும் இளைஞர்களில் கணினித் திறமை உள்ளவர்களைச் சோதித்துத் தேர்ந்து சைபர் பணியில் அமர்த்தும் திட்டமும் அங்கே தொடங்கியது. சிறந்தவர்கள் கூடுதல் காலம் பணியாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டால், சேவையில் இருக்கும்போதே சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டப்படிப்புக்கான பாடங்களை முடிக்கலாம். 2022 அக்டோபரில் மின்னிலக்க, உளவுத் துறைச் சேவை என்பது அந்நாட்டு ஆயுதப் படையின் நான்காவது படையாகப் பிறந்தது. சேவை முடித்து வெளியே போகும் இளைஞர் வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலைக்குச் சேர்கிறார். ஆண்டுதோறும் சேமப்படைப் பயிற்சிக்குத் திரும்பி வருகிறார். அந்த நாட்டில் வெளியேறுவது இழப்பாக இல்லை.

இந்தியாவில் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு சைபர் முகமை 2019 முதல் இயங்குகிறது. அதன் முதல் தலைவர் கடற்படையைச் சேர்ந்த ரியர் அட்மிரல். தரைப்படை 2023இல் தன் கட்டளையகங்களுக்கென்று தனி சைபர் பிரிவுகளை அறிவித்தது. படைக்கு வெளியே, பொதுவான கணினிப் பாதுகாப்புக்கு 2004 முதல் செர்ட்-இன். மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு போன்ற உயிர்நாடிகளுக்கு 2014 முதல் தனித் தேசிய மையம்.

இந்த ஏற்பாட்டின் எல்லைக்கோடு எங்கே என்று தமிழ்நாட்டு மக்களுக்கு 2019இல் தெரிய வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே அதைத் தெரிவித்திருந்தது. உலையை இயக்கும் அமைப்புகள் தனியே இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றது கழகம். விசாரித்தவர்கள் அணுசக்தித் துறையின் நிபுணர்கள். அமைதிக்காலத்தில் அது சரியான முறைதான். மின் நிலையத்துக்குள் ராணுவம் நுழைவதை எந்த ஜனநாயகமும் விரும்பாது. ஆனால் போர் மூளும் நாளில் அதே கணினி தாக்கப்பட்டால், கண்டுபிடிப்பவர் ஒரு துறை, காப்பவர் இன்னொரு துறை, திருப்பித் தாக்கும் அதிகாரம் மூன்றாவதிடம் என்ற நிலை வரும். இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பது அவசியம். 1997இல் அமெரிக்கா செய்ததுபோல, முன்கூட்டிச் சொல்லாமல்.

ஆட்கள் விஷயத்தில் இந்தியாவிடம் ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1949 முதல் இயங்கும் பிராந்திய ராணுவத்தில் ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில் போன்ற நிறுவனங்களின் ஊழியர்களைக் கொண்ட பிரிவுகள் உண்டு. எண்ணெய்க் கிணற்றையும் சுத்திகரிப்பு ஆலையையும் அன்றாடம் இயக்குபவர்களே நெருக்கடியில் சீருடை அணிந்து அவை நின்றுபோகாமல் காப்பார்கள் என்பது அதன் ஏற்பாடு. தரமணியிலும் சிறுசேரியிலும், பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வங்கிகளின் சர்வர்களை இரவுப்பணியில் காத்துக்கொண்டிருக்கும் பொறியாளர்களுக்கு இதே போன்ற பிரிவுகளை விரிவாகத் திறக்கலாம். ஆண்டுக்குச் சில வாரப் பயிற்சி, உரிய பாதுகாப்புச் சோதனை, முறையான பதவி. முழுநேரப் படையில், சைபர் முகமைக்கு வரும் அதிகாரி மூன்றாண்டு முடிந்ததும் பழைய ரெஜிமென்டுக்குத் திரும்பாமல் அதே வேலையில் தொடர்ந்து பிரிகேடியர் வரை உயர வழி வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய கட்டளையகமோ தேவையில்லை. பணி மாறுதல், பதவி உயர்வு விதிகளில் சில திருத்தங்களும், அவற்றில் கையெழுத்திடும் துணிவும் போதும்.